எல்லாம் நலம், ஓவர்

போனை அப்படி ஜன்னலுக்கு வெளிய நீட்டாதீங்க சார். எதிர்ல ஜல்லி லாரி வந்தா கையோட போயிரும். எவ்வளவு நீட்டினாலும் இங்க டவர் கெடைக்காது. ஒன்பதாவது வளைவு வரட்டும். அங்க செக்போஸ்ட்டுப் பக்கத்துல ரெண்டு கோடு காட்டும், பேசிக்கலாம். வீட்டுக்குத் தகவல் சொல்லணுமா? அரை மணி நேரம் பொறுங்க, ஒண்ணும் ஆயிராது.

நான் நெல்லிவளவு. நீங்க ஏறுனீங்களே, அதுக்கு முந்தின ஸ்டாப்பு. பேரு வரதராஜு. தாலுகா ஆபீஸ்ல இருவத்தாறு வருஷம் சர்வீஸ். என்ன வேலைன்னு கேட்டா எல்லா வேலையும்தான். நான் இல்லாம அங்க ஒரு பைல் நகராது. ரிட்டயர்டு ஆகி ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. இப்ப கலெக்டர் ஆபீஸ் போறேன். இன்னிக்குத் திங்கக்கிழமை, மனு நாள் இல்லீங்களா. இந்தக் கவர்ல இருக்கறது மனு. நாலு பக்கம், நானே எழுதுனது. என்கிட்ட இருந்து ஒரு பொருளைப் பிடுங்கிட்டாங்க சார். சர்க்கார் பொருள்தான். ஆனா என் பொறுப்புல குடுத்தது. வயர்லெஸ் செட்டு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மழையில மலை சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சே, கேள்விப்பட்டிருப்பீங்க. ஒன்பது நாள் நாங்க இருக்கமா செத்தமான்னு கீழ ஒருத்தருக்கும் தெரியல. அதுக்கப்புறம்தான் ஆபீசருங்க வந்து, டவர் வர்ற வரைக்கும் இது இருக்கட்டும்னு எங்க ஊரு மாதிரி மலைமேல இருக்கற சின்ன ஊருங்க, அஞ்சு வளவுக்கு அஞ்சு செட்டு குடுத்தாங்க. கூரை மேல கம்பி, சோலார் தகடு, பேட்டரி எல்லாம் அவங்களே போட்டுக் குடுத்தாங்க. பட்டனை அமுக்கிப் பேசுனா கீழ கண்ட்ரோல் ரூமுக்குக் கேக்கும். அவங்க செக்போஸ்ட்டுக்குச் சொல்லுவாங்க. செக்போஸ்ட்டுல காட்டிலாகா ஜீப்பு நிக்குது. கால் மணி நேரத்துல, மிஞ்சிப்போனா இருவது நிமிஷத்துல மேல வந்துரும்.

யாரு பொறுப்புல வைக்கறதுன்னு பேச்சு வந்தப்ப ஒருத்தரும் யோசிக்கல. நான்தான். ஆபீஸ் தெரிஞ்சவன் ஊர்ல வேற யாரு? ஆபீசர் எல்லாரு முன்னாடியும் என் கையில குடுத்துட்டு, "ஐயா, அவசரத்துக்கு மட்டும்தான்"னு சொன்னாரு. அந்த வார்த்தையை நீங்க ஞாபகத்துல வெச்சுக்குங்க. அவசரத்துக்கு மட்டும்.

அன்னிக்கு ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, இருந்தாலும் சொல்றேன். திருப்பதின்னு ஒருத்தன். என் பங்காளி மகன், என்னைச் சித்தப்பான்னு கூப்புடுவான். கெழங்குக் காட்டுல கூலி வேலை. குடிப்பான். அவன் கூட்டத்துல எந்திரிச்சு, "சித்தப்பா இருவத்தாறு வருஷமா அடுத்தவங்க டேபிள்ல பைலைக் கொண்டுபோய் வெச்சாரு. இப்பத்தான் அவரு டேபிள்ல ஒண்ணு வந்திருக்கு"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. ஆபீசரும் சிரிச்சாரு. எம் பொண்டாட்டி அலமேலுவும் வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சா. சரி, சின்னப் பையன், வாய்க்கொழுப்புன்னு விட்டுட்டேன். அதையெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆளு நான் கெடையாது. ஆவணி பதினேழு, வெள்ளிக்கிழமை. காலையில பதினொண்ணே கால் மணி இருக்கும்.

செட்டை எப்படி வெச்சிருந்தேன் தெரியுங்களா? மரப்பெட்டி செஞ்சு அதுக்குள்ள. மேல ஒரு துண்டு. பூட்டு. சாவி என் அரைஞாண்ல. தெனம் காலையில எட்டு மணிக்குக் குளிச்சு, சட்டை போட்டுக்கிட்டு, பெட்டியைத் தொறப்பேன். "கண்ட்ரோல், கண்ட்ரோல், நெல்லிவளவு பேசறேன், ஓவர்." அந்தப் பக்கம் ஏட்டு, "நல்லா கேக்குது நெல்லிவளவு, தகவல் உண்டா, ஓவர்"ம்பாரு. "எல்லாம் நலம், ஓவர்." அவ்வளவுதான். அந்த மூணு வார்த்தைக்காக நான் ஆறு மணிக்கே எந்திரிச்சிருவேன் சார். ஒரு நாள் தவறுனது இல்ல.

மொத மாசத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். கேக்கறவங்களுக்கெல்லாம் பெட்டியைத் தொறந்துட்டேன். ஒருத்தன் மாடு கன்னு போட மாட்டேங்குதுன்னு வந்தான். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா லீவு சொல்லணும்னு வந்துச்சு. நாலாவது தடவை ஏட்டுக்குக் கோவம் வந்துருச்சு. "யாருய்யா அங்க? இது என்ன டெலிபோன் பூத்தா?"ன்னாரு. யாருய்யான்னுட்டாரு சார் என்னை. இருவத்தாறு வருஷ சர்வீசுல தாசில்தார் கூட என்னை அப்படிக் கேட்டதில்ல. அன்னிக்கே முடிவு பண்ணுனேன். நோட்டு ஒண்ணு போட்டேன். யாரு வந்தாலும் மூணு கேள்வி. யாருக்கு? என்ன? நடத்தியோ தூக்கியோ கீழ கொண்டுபோக முடியாதா? மூணுக்கும் சரியான பதில் வந்தாத்தான் பெட்டி தொறக்கும். இல்லன்னா நோட்டுல எழுதி, மறுக்கப்பட்டதுன்னு போட்டு, கையெழுத்து. பதினெட்டு பேருக்கு மறுத்திருக்கேன். பதினேழு பேரு நல்லாத்தான் இருக்காங்க. அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

ஐப்பசி மாசம். காலையில ஆறு இருவது. நான் வாசல்ல பல் விளக்கிட்டு இருக்கேன். பூங்காவனம் ஓடி வரா. திருப்பதி பொண்டாட்டி. தலை முடியல, கால்ல செருப்பு இல்ல. "மாமா, அவருக்கு ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு மாமா, செட்டுல சொல்லுங்க"ன்னா.

என்னம்மான்னேன். விடியறதுக்கு முன்னாடியே வயித்து வலின்னு உருண்டானாம். இப்பக் கண்ணு தொறக்க மாட்டேங்குதாம். பேச்சு கொழறுதாம். எச்சில் முழுங்க முடியலையாம்.

நியாயமா சொல்லுங்க சார். ஒரு குடிகாரன். கண்ணு சொருகுது. நாக்கு கொழறுது. எச்சில் வடியுது. இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணும்?

நான் சிரிச்சேன். "மோரைக் கரைச்சுக் குடும்மா, மத்தியானம் எந்திரிச்சு உக்காந்துருவான்"னேன். அவ கையெடுத்துக் கும்பிட்டா. "புரட்டாசி மொத சனிக்கெழமை மாலை போட்டதுல இருந்து ஒரு சொட்டு தொடல மாமா. எம் புள்ள மேல சத்தியம்"னா. எல்லாப் பொம்பளைங்களும் இதையேதான் சொல்லுவாங்க.

"அப்ப நாங்க தூக்கிட்டாவது ஓடறோம்"னா. நான்தான் நிறுத்துனேன். நிறுத்துனேன்னா, நல்லதுக்குத்தான். ஊர்ல இருந்த ரெண்டு பைக்கும் அஞ்சு மணிக்கே மெளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருச்சு. செக்போஸ்ட்டு ஆறு கிலோமீட்டர். மழை பேஞ்சு வழியெல்லாம் சேறு. "செட்டு இருக்கற ஊர்ல எதுக்கும்மா ஓடணும்? நீ வீட்டுக்குப் போ. நானே வந்து பாக்கறேன். அவசரம்னு எனக்குப் பட்டா உடனே சொல்லிடறேன்"னு அனுப்புனேன்.

போனேனா இல்லையான்னு கேளுங்க. போனேன் சார். குளிச்சேன், சாமி கும்பிட்டேன், ஏழே காலுக்கு அவன் வீட்டுல நிக்கறேன். எத்தனை பேரு அப்படி நேர்ல போய்ப் பாப்பாங்க?

பாயில படுத்திருந்தான். இமை ரெண்டும் பாதி மூடி, தொறக்கப் பாக்கறான், முடியல. என் சத்தம் கேட்டதும் என்னமோ சொன்னான். "சி... சி..."ன்னு வருது. சித்தப்பான்னு சொல்ல வந்தானோ என்னமோ. குனிஞ்சு வாயை மோந்து பாத்தேன். வாசனை இல்ல. ஆனா விடிஞ்சா வாசனை போயிரும், அது எனக்குத் தெரியும். பூங்காவனம், "வெடியக்காலம் எதோ சுருக்குன்னுச்சுன்னு சொன்னாரு மாமா. பூச்சியோ என்னமோ"ன்னா. சரின்னு கையி, காலு, முதுகு எல்லாம் பொரட்டிப் பாத்தேன். ஒரு வீக்கம் இல்ல, ஒரு பொட்டு ரத்தம் இல்ல. பாம்பு கடிச்சா வீங்காதா சார்? எனக்குத் தெரியாதா?

எந்திரிக்கப் போனேன். அவன் என் மணிக்கட்டைப் பிடிச்சான். பிடின்னா பிடியே இல்ல, கொழந்தை பிடிக்கற மாதிரி. விரலை ஒண்ணொண்ணா எடுத்து விட்டுட்டு, "தூங்கவிடு, தெளிஞ்சுரும்"னு சொல்லிட்டு வந்தேன். மணி ஆயிட்டு இருந்துச்சு. எட்டு மணிக்கு நான் பெட்டி முன்னாடி இருக்கணும்.

என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? வளைவு அப்படித்தான், புதுசா வர்றவங்களுக்கு வயித்தைப் பொரட்டும். எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாக்கறீங்களா? வேண்டாமா. சரி.

எட்டு மணி. சட்டை போட்டு, பெட்டியைத் தொறந்து, பட்டனை அமுக்கறேன். "கண்ட்ரோல், கண்ட்ரோல், நெல்லிவளவு பேசறேன், ஓவர்." "நல்லா கேக்குது நெல்லிவளவு, தகவல் உண்டா, ஓவர்." அன்னிக்குப் பாத்து ஏட்டு நல்ல கொரல்ல பேசுனாரு. மழை எப்படி இருக்குன்னு கூட விசாரிச்சாரு. மொத தடவை அப்படி விசாரிச்சது. நான் சொன்னேன், "எல்லாம் நலம், ஓவர்."

வாசல்ல பூங்காவனம் நின்னுட்டு இருந்திருக்கா. நான் பாக்கல. அதைக் கேட்டதும் ஒரு கத்து கத்துனா பாருங்க. "நலமில்லீங்க சார்! எம் புருசன் சாகறாருங்க சார்! ஜீப்பை அனுப்புங்க சார்!" கத்திக்கிட்டே உள்ள வரா. நான் கதவைக் காலாலே தள்ளிச் சாத்துனேன். ஆனா பட்டன் அமுக்கியே இருந்துச்சு. சத்தம் மைக்குல விழுந்துருச்சு. பட்டனை விட்டதும் ஏட்டு கேக்கறாரு, "நெல்லிவளவு, அங்க என்ன சத்தம், ஓவர்?"

ஒரு நொடி யோசிச்சேன். யோசிக்காம இல்ல. இந்த ஆளுகிட்ட ஒரு தடவை பேச்சு வாங்கியாச்சு. இப்பத்தான் மனுஷன் மரியாதையாப் பேசறாரு. ஒரு குடிகாரனுக்காக ஜீப்பை வரச்சொல்லி, அவன் மத்தியானம் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டுச் சிரிச்சா, எனக்கு என்ன மரியாதை? சொல்லுங்க.

"பக்கத்து வீட்டுச் சண்டை, ஓவர்"னேன்.

பெட்டியைப் பூட்டுனேன். அலமேலு அடுப்படியில இருந்து வந்து, "ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்னங்க, நம்ம பையன்தானுங்க"ன்னா. உனக்கு இதுல வேலை இல்ல, உள்ள போன்னேன். நோட்டுல எழுதுனேன். பூங்காவனம் அதுக்கப்புறம் கத்தல. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஓடற சத்தம்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் அவங்களா செஞ்சது. போர்வையில கட்டித் தூளி மாதிரி தூக்குனாங்க. நாலு பேரு. அவன் தம்பி லோகநாதன் போனை எடுத்துக்கிட்டு முன்னாடி ஓடுனான். செக்போஸ்ட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தப்ப ஒன்பதே கால். ஜீப்பு கெளம்பி வந்து எதிர்ல அவங்களைப் பாத்தப்ப மணி ஒன்பதரை. பாதி வழி கூட வரல. போர்வையைத் தொறந்து பாத்தா மூச்சு இல்ல. நெஞ்சு மட்டும் சூடா இருந்துச்சாம். அப்படியும் பூங்காவனம் விடல. ஆஸ்பத்திரி வரைக்கும் வாயில வாயை வெச்சு ஊதிக்கிட்டே போனாளாம்.

கட்டுவிரியனாம். டாக்டர் சொல்லியிருக்காரு. அது கடிச்ச எடம் வீங்காதாம், வலிக்காதாம். வயித்து வலி வரும், கண்ணு சொருகும், நாக்கு கொழறும், கடைசியில மூச்சு நிக்கும். ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா மெஷின்ல மூச்சைப் பிடிச்சு வெச்சு மருந்து ஏத்தியிருக்கலாம்னாராம். டாக்டருங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லுவாங்க. கடிச்சா வீங்காத பாம்பு ஒண்ணு இருக்குன்னு எனக்கு ஆபீசருங்க சொல்லிக் குடுத்தாங்களா? இல்ல. அப்ப தப்பு யாரு மேல?

பாருங்க, ஒன்பதாவது வளைவு வந்துருச்சு. அதுதான் செக்போஸ்ட்டு. போனை எடுங்க. பேசலையா? பேசணும்னு துடிச்சீங்களே. சரி, உங்க இஷ்டம்.

விசாரணைக்கு ஒரு அம்மா வந்தாங்க. சின்ன வயசு ஆபீசர். நான் எதையும் மறைக்கல. நோட்டை எடுத்து அவங்க முன்னாடி வெச்சேன். முத்து முத்தா எழுதியிருக்கேன் சார். "காலை 6.20. பூங்காவனம். கணவர் குடிபோதை. நேரில் ஆய்வு செய்யப்பட்டது. மறுக்கப்பட்டது." கீழ கையெழுத்து, தேதி. அந்தம்மா படிச்சாங்க. திரும்பப் படிச்சாங்க. பாராட்டுவாங்கன்னு பாத்தா, போன்ல அந்தப் பக்கத்தைப் படம் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் பூங்காவனத்தைப் பேசச் சொன்னாங்க.

அவ அழுவான்னு நெனைச்சேன். அழல. "அந்தச் செட்டே எங்க ஊருக்கு வராம இருந்திருந்தா ஆறு இருவதுக்கே தூக்கிட்டு ஓடியிருப்போம்மா. எம் புருசன் பொழைச்சிருப்பாரு"ன்னா. பாத்தீங்களா? சர்க்கார் செலவு பண்ணிக் குடுத்த பொருளை எப்படிப் பேசறா பாருங்க.

அதே எடத்துல என்கிட்ட சாவியை வாங்கிட்டாங்க. இனிமே யாரு பொறுப்புன்னு கேட்டாங்க. ஊரே ஒரே கொரலா பூங்காவனம்னுச்சு. அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் சார்! ரெண்டு நாள்ல பழகிட்டா. என் வீட்டுக் கூரையில இருந்து கம்பியைக் கழட்டி அவ கூரையில மாட்டுனாங்க. நான் வாசல்ல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். ஊர்ல ஒருத்தரும் என்கிட்ட பேசறதில்ல. கடையில சாமான் கேட்டா எடுத்துத் திண்டு மேல வெச்சுட்டுத் திரும்பிக்கறாங்க. ஒரு தடவை கூட நான் கை வெச்சு அவனை அடிச்சேனா? வார்த்தையால திட்டுனேனா? நேர்ல போய்ப் பாத்தேன் சார். நேர்ல போனேன்.

அவ எப்படி வெச்சிருக்கான்னு கேளுங்க. ஜன்னல் மேடையில, சும்மா, தொறந்து. துண்டு இல்ல, பூட்டு இல்ல. கேக்கற எல்லாருக்கும் பேசறா. ஆடு காணலைன்னாலும் பேசறா. கீழ ஆஸ்பத்திரியில கெடக்கற கெழவிக்கு இட்லி வாங்கிக் குடுத்தாங்களான்னு விசாரிக்கறா. அந்த ஏட்டு திட்டறாரா? இல்ல சார். சிரிக்கறாரு. "என்ன பூங்காவனம்மா, சாப்பிட்டாச்சா, ஓவர்"ங்கறாரு. என் வீட்டுக்குக் கேக்குது. நான் பதினாலு மாசம் ஒரு நாள் தவறாம பேசுனேன். என்கிட்ட ஒரு நாளும் சாப்பிட்டாச்சான்னு கேட்டதில்ல.

இப்ப போன மாசத்துக் கதை. அதுதான் மனுவுல முக்கியமான பகுதி. மூணாவது பக்கம் முழுக்க அதுதான்.

மத்தியானம் மூணு மணி. அலமேலு வெறகு பொறுக்கப் போனவ பாறையடியில மலைத்தேனீ கூட்டைக் கலைச்சுட்டா. மூஞ்சி, கழுத்து, கையெல்லாம் கொட்டித் தள்ளிருச்சு. எப்படியோ வாசல் வரைக்கும் வந்து விழுந்தா. பாத்துட்டு இருக்கும்போதே மூஞ்சி வீங்குது. கண்ணு மூடிக்கிச்சு. தொண்டையில இருந்து விசில் மாதிரி சத்தம் வருது. இது அவசரம்னு பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுருச்சு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

பூங்காவனம் வீடு எங்க வீட்டுல இருந்து நாப்பது அடி. ஆனா அவ வாசப்படியை மிதிக்கறதில்லைன்னு நான் ஊர் முன்னாடி சொல்லியாச்சு. ஆம்பளை சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல? அதனால, "இரு அலமேலு, நான் செக்போஸ்ட்டுக்குப் போய்ச் சொல்லி ஜீப்பைக் கூட்டிட்டு வரேன்"னு கெளம்புனேன். ஆறு கிலோமீட்டர் சார், இந்த வயசுல, பொண்டாட்டிக்காக. அவ என் வேட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணு தெரியல, கையால தடவித் தடவிப் பிடிச்சா. விடுவிச்சுக்கிட்டு நடந்தேன். எதிர் வீட்டு ராணிகிட்ட மட்டும், தண்ணி கேட்டா குடும்மான்னு சொல்லிட்டுப் போனேன்.

ரெண்டு கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டேன். ஜீப்பு மேல ஏறி வருது. நல்லதாப் போச்சு, இவங்களையே நிறுத்திச் சொல்லிடலாம்னு நடு ரோட்டுல நின்னு கையைக் காட்டுனேன். டிரைவர் நிறுத்தல. ஓரமா ஒடிச்சு என்னைத் தாண்டிப் போயிட்டான். கத்துனேன். திரும்பிப் பாக்கல. கொஞ்ச நேரத்துல அதே ஜீப்பு கீழ எறங்கி வருது. பின்னாடி தெறந்திருக்கு. பூங்காவனம் உக்காந்திருக்கா, அவ மடியில அலமேலு தலை. வீங்கிப்போன மூஞ்சி, அவ எம் பொண்டாட்டின்னு சேலையை வெச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. பூங்காவனம் என்னைப் பாத்தா. நல்லாப் பாத்தா. டிரைவர்கிட்ட நிறுத்துன்னு சொல்லல. எனக்காக நிறுத்துனா அரை நிமிஷம் ஆயிருக்கும், அவ்வளவுதான்.

செக்போஸ்ட்டு வரைக்கும் நடந்தேன். வேற என்ன பண்றது? அங்க இருந்த காட்டிலாகா கார்டு சொன்னாரு, மூணு அஞ்சுக்கே தகவல் வந்துருச்சு, ஆம்புலன்ஸ் கீழ ரெடியா நின்னு ஊசி போட்டுத்தான் கொண்டு போயிருக்காங்கன்னு. அங்க இருந்த மைல்கல் மேல உக்காந்தேன். அடுத்த பஸ்ஸு வர்ற வரைக்கும் எந்திரிக்கல. மத்தியானம் சரியா சாப்பிடல, அதான்.

ராணி ஓடிப்போய், "அலமேலு அத்தைக்கு..."ன்னு வாயெடுத்திருக்கா. பூங்காவனம் முழுசாக் கூடக் கேக்கல. என்ன, ஏதுன்னு ஒரு கேள்வி இல்ல. நோட்டுல ஒரு எழுத்து இல்ல. பட்டனை அமுக்கிட்டா. இதுதான் சார் என் குற்றச்சாட்டு. ஒரு சர்க்கார் பொருளை இப்படியா கையாள்றது? அன்னிக்கு அலமேலுவுக்கு நெஜமாவே ஆபத்து, அதனால சரியாப் போச்சு. இல்லாம இருந்திருந்தா?

நன்றியா? நீங்க என்ன சார், எல்லாரையும் மாதிரி கேக்கறீங்க. அவ வேலையை அவ செஞ்சா.

ஆஸ்பத்திரியில நாலு நாள். மூணாவது நாள் அலமேலுவுக்குப் பேச்சு வந்துச்சு. நான் ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துட்டு இருந்தேன். வாங்கிக்கல. என்னையே பாத்துட்டு இருந்தவ கேட்டா, "அந்தச் செட்டு நம்ம வீட்டுல இருந்து, வேற யாராவது வந்து எனக்காகக் கேட்டிருந்தா, நோட்டுல என்னன்னு எழுதியிருப்பீங்க?" இது ஒரு கேள்வியா? ஊசி மருந்து வேகத்துல பேசறான்னு நெனைச்சுக்கிட்டேன். நர்ஸ் வேற வந்துருச்சு. மிச்ச ஆரஞ்சை உரிக்க ஆரம்பிச்சேன்.

டிஸ்சார்ஜ் ஆகி இதே பஸ்ஸுலதான் கூட்டிட்டு வந்தேன். ஸ்டாப்புல எறங்குனா. நான் பையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடக்கறேன். திரும்பிப் பாத்தா காணல. நேரா பூங்காவனம் வீட்டுக்குள்ள போயிட்டா. அப்பறம் வரவேயில்ல. அவ புள்ளையப் பாத்துக்கறா, சோறு ஆக்கறா, பூங்காவனம் காட்டுக்குப் போனா செட்டுகிட்ட இவதான் உக்காந்திருக்கா. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவ. நாப்பது அடி தூரத்துல இருக்கா, திரும்பிக் கூடப் பாக்க மாட்டேங்கறா. பூங்காவனம் போகச் சொல்லலையான்னு கேக்காதீங்க. போகச் சொல்றாளாம், இவதான் போக மாட்டேங்கறாளாம். வெக்கமா இருக்கு சார் வெளிய சொல்ல. உங்ககிட்டதான் சொல்றேன்.

கோவம் இல்ல எனக்கு. எனக்கு அது புரியுது. ஒரு ஊர்ல நாலு பேரு வர்ற வீடு எதுவோ, அங்கதான் பொம்பளைங்க மனசு போகும். பதினாலு மாசம் எங்க வீட்டுக்கு ஆளுங்க வந்துட்டே இருந்தாங்க, அவளுக்கும் பெருமையா இருந்திருக்கும். திடீர்னு வீடு வெறிச்சுனு போயிருச்சு, அவதான் என்ன பண்ணுவா? அதனாலதான் சார் இந்த மனு. கலெக்டர் நல்லவராம், காது குடுத்துக் கேப்பாராம். செட்டை மறுபடி என் பொறுப்புல குடுத்துட்டாருன்னு வைங்க, அது வீட்டுக்கு வந்த அன்னிக்குச் சாயங்காலமே அலமேலு வந்துருவா. செட்டுக்காகத்தான சார் அவ அங்க இருக்கா?